மார்கழி இருட்டும் மங்கிய ஹெட்லைட்டும்

மார்கழியில் விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்திலும் ரோட்டில் ஆள் நடமாட்டம் இருக்கும். மற்ற மாதங்களில் அந்த வேளையில் பால் வண்டியும் பேப்பர் போடுகிற பையன்களும்தான். மார்கழி பிறந்துவிட்டால் சித்திரை வீதி, உத்திர வீதி, அடையவளஞ்சான் எங்கும் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்கும். அம்மா மண்டபத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள், ஈர வேட்டியோடு திரும்புகிறவர்கள், கோயிலுக்கு நடக்கிற வயசானவர்கள், பஜனை கோஷ்டி, பூக்காரர்கள் என்று வரிசையாக வருவார்கள். அதில் எனக்கு எப்போதும் பயம் தருவது கோலம் போடுகிற பெண்கள்தான். வாசலில் இடம் போதாமல் கோலம் ரோட்டுக்கு இறங்கியிருக்கும். புள்ளியை எண்ணிக்கொண்டு குனிந்திருப்பார்கள், முதுகு ரோட்டைப் பார்த்திருக்கும். வருகிற வண்டியை அவர்கள் பார்க்கப் போவதில்லை. வண்டிக்காரர்தான் அவர்களைப் பார்க்க வேண்டும்.

திருச்சியில் மார்கழிக் கடைசியில் சூரியன் உதிக்க ஆறரையாகிவிடும். ஆக நாலு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் இத்தனை பேரும் இருட்டில்தான் நடமாடுகிறார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இந்தப் பதிவு. விஷயம் ரொம்பச் சின்னது: ஹெட்லைட் கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருப்பது. டயர், பிரேக், ஆயில் பற்றியெல்லாம் சர்வீஸுக்கு விடும்போது கேட்கிறோம். ஹெட்லைட் எரிகிறதா என்று மட்டும் பார்க்கிறோம். எரிவது வேறு, வெளிச்சம் ரோட்டில் போய் விழுவது வேறு.

குளிர் நாடுகளில் இதை ஒரு தனிப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார்கள். அங்கே பனிச்சேறும் ரோட்டில் தூவுகிற உப்பும் விளக்கை மூடிவிடும். ஸ்வீடனின் சாப் கம்பெனி 1970-லேயே தன் 99 மாடல் காரில் ஹெட்லைட்டுக்கென்று குட்டி வைப்பர் வைத்தது. நமக்குப் பனிக்கட்டி கிடையாது. நம்மூர் மார்கழியில் குறைந்தபட்சம் இருபது டிகிரி சுமாருக்குத்தான் இறங்கும். அதனால் "நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்று தோன்றும். ஆனால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஊர் இது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த மண், தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், வாழைத்தோப்பு, சம்பா வயல் என்று சுற்றிலும் ஈரம். மழை ஓய்ந்து வானம் தெளிந்த இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து பனி இறங்குகிறது. கரூர் ரோட்டில் ஜீயபுரம் தாண்டி முக்கொம்பு வரைக்கும் ஒரு பக்கம் ஆறும் மறுபக்கம் வாழையுமாகப் போகிற இடத்தில் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். புகை மாதிரித் தரையோடு நிற்கும்.

இந்தப் பனி மட்டும் விளக்கைக் கெடுப்பதில்லை. தெருவில் நிறுத்தியிருக்கிற வண்டிமேல் பகல் முழுக்கத் தூசி படிகிறது. மண்ணச்சநல்லூர்ப் பக்கம் போய்வந்த வண்டியென்றால் அரிசி ஆலைத் தூசியும் சேரும். தை பிறந்து அறுப்பு தொடங்கினால் வைக்கோல் தூசி வேறு. ராத்திரி இறங்குகிற பனி இந்தத் தூசியை நனைத்து ஒட்டவைக்கும். காலையில் காய்ந்து மெல்லிய படலமாக நிற்கும். மறுநாள் அதற்கு மேலே இன்னொரு படலம். மழைக்காலத்தில் மழையாவது கழுவிவிடும், மார்கழியில் அதுவும் இல்லை. ஒரு வாரம் துடைக்காத ஹெட்லைட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தால் போதும், எவ்வளவு மறைத்திருக்கிறது என்பது அந்தக் கோட்டில் தெரிந்துவிடும்.

பழைய ஹாலஜன் பல்பில் ஒரு வசதி உண்டு. அது வெளிச்சத்தோடு நிறையச் சூட்டையும் முன்பக்கம் தள்ளும், கொஞ்ச தூரம் போனதும் கண்ணாடிமேல் இருக்கிற பனி காய்ந்துவிடும். எல்இடி விளக்கில் சூடு பெரும்பாலும் பின்பக்கத்து ஹீட்சிங்க் வழியாகப் போய்விடுகிறது. முன்கண்ணாடி குளிர்ச்சியாகவே இருக்கும், பனியும் அப்படியே நிற்கும். புது வண்டிதானே, எல்இடிதானே என்று இருக்கிறவர்கள்தான் கிளம்பும்முன் கட்டாயம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

அப்புறம் பூச்சி. சம்பாப் பயிர் நிற்கிற காலத்தில் புகையானும் பச்சைத் தத்துப்பூச்சியும் வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். அதனால்தான் வயலில் விளக்குப்பொறி வைத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். கல்லணை ரோட்டில் ராத்திரி வருகிற வண்டிக்கு ஹெட்லைட்டே விளக்குப்பொறி. வீட்டுக்கு வந்து பார்த்தால் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னதாக நசுங்கிக் கிடக்கும். இதை மறுநாளுக்கு விடக்கூடாது. காய்ந்துவிட்டால் பசை மாதிரிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தித் தேய்க்க வேண்டிவரும், தேய்த்தால் கீறல் விழும். ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடிமேல் போட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடித்துவிட்டு வாருங்கள். ஊறியபிறகு துடைத்தால் அழுத்தாமலே வந்துவிடும்.

தினமும் துடைக்கிற முறையும் இதேதான். முதலில் தண்ணீர், அப்புறம்தான் துணி. நம்மில் நிறையப் பேர் செய்வது நேர்மாறு. டிக்கியில் கிடக்கிற, போன மாதம் கார் முழுக்கத் துடைத்த பனியன் துணியை எடுத்து, பனி ஈரத்தோடு அப்படியே வட்டமாக ஒரு தேய்ப்பு. அந்தத் துணியில் மணல் இருக்கிறது. காவிரிக்கரை ஊரில் எதில்தான் மணல் இல்லை? அரை சொம்புத் தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றினால் மணல் இறங்கிவிடும். பிறகு சுத்தமான மெத்தென்ற துணியால் மேலிருந்து கீழாக ஒரே போக்கில் இழுங்கள். முன்பக்கம் இரண்டையும் முடித்த கையோடு பின்பக்கத்துச் சிவப்பு விளக்கையும் துடைத்துவிடுங்கள். பனிமூட்டத்தில் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு அது ஒன்றுதான் அடையாளம்.

இப்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-வது விதி, வண்டியின் விளக்குகள் 155 மீட்டர் முன்னால் இருக்கிற ஆளையும் வண்டியையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். ஆள் நிற்பது கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் 25 மீட்டர் போயாச்சு. பிரேக் பிடித்து நிற்க நல்ல ரோட்டில் இன்னும் ஒரு 20 மீட்டர். ஆக 45 மீட்டர். எண்பதில் போனால் இதுவே 70 மீட்டருக்குப் பக்கத்தில் வந்துவிடும். பனியில் நனைந்த ரோடென்றால் இன்னும் கூடும். மங்கிய விளக்கில் டிம் போட்டுப் போகிறபோது கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு ஓரமாக நடக்கிறவர் எழுபது மீட்டரில் தெரிவாரா? தெரியமாட்டார். சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டோடு விடியற்காலையில் குளிக்கப் போகிற மாதமும் இதுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மங்கிய கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கிறது என்பது பாதி விஷயம்தான். மீதிப் பாதியை நான் ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன், அதுதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. டிம் வெளிச்சத்துக்கு ஒரு வடிவம் உண்டு. மேலே ஒரு கோடு போட்டதுபோல் வெட்டு விழும். அதற்கு மேலே வெளிச்சம் போகாது, எதிரே வருகிறவர் கண் கூசாது. நம்மூரில் இடதுபக்கம் ஓட்டுகிறோம் என்பதால் அந்தக் கோடு இடதுபக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறும்படி விளக்கைச் செய்கிறார்கள். காரணம், நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் வழிகாட்டிப் பலகைகளும் இருப்பது அந்த ஓரத்தில்தான். கோலம் போடுகிறவர் உட்கார்ந்திருப்பதும் அந்த ஓரத்தில்தான். கண்ணாடியில் அழுக்கோ கீறலோ மஞ்சளோ இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு நாலாபக்கமும் சிதறும். ஓரத்துக்குப் போக வேண்டியது போகாது. மேலே போகக் கூடாதது எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போகும். அவரும் ஒரு நொடி ஒன்றும் தெரியாமல் ஓட்டுவார். நம் வண்டியின் அழுக்குக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார்.

இதைச் சோதித்துப் பார்க்க மெக்கானிக் தேவையில்லை. சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே ஏழெட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். அபார்ட்மென்ட் காம்பவுண்டுச் சுவரே போதும். சுவரில் அந்தக் கோடு கத்தியால் வெட்டியதுபோல் விழுந்தால் நல்லது. கோடே தெரியாமல் மொத்தமாக ஒரு மங்கல் திட்டு விழுந்தால், பல்பு புதுசாகவே இருந்தாலும், கண்ணாடி போய்விட்டது என்று அர்த்தம்.

துடைத்தும் போகாத மங்கல் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பாசடரிலும் பழைய லாரிகளிலும் ஹெட்லைட் நிஜமான கண்ணாடி. உடைந்தால் உடையும், மஞ்சளாகாது. அமெரிக்காவில் 1980-களின் நடுவில் பிளாஸ்டிக் முகப்போடு ஹெட்லைட் வர ஆரம்பித்தது, பிறகு உலகம் முழுக்க அதுவே ஆயிற்று. இன்று நாம் பழக்கத்தில் "கண்ணாடி" என்று சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். கல் பட்டால் உடையாது, எடை குறைவு, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிருக்குத் தாங்காது, சுலபமாகக் கீறும். அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு பாதுகாப்புப் பூச்சு பூசி அனுப்புகிறார்கள். நம்ம திருச்சி வெயிலில் சில வருஷம் நின்றால் அந்தப் பூச்சு தேய்ந்து, வெடித்து, அடியில் இருக்கிற பிளாஸ்டிக் மஞ்சளாகிக் கண்புரை விழுந்ததுபோல் ஆகிவிடும். மேல்பாதி அதிகமாகவும் கீழ்ப்பாதி குறைவாகவும் மங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேல்பாதிதான் வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. சித்திரை, வைகாசியில் நடந்த சேதம் அப்போது யார் கண்ணிலும் படுவதில்லை. மார்கழி இருட்டில்தான் தெரியவருகிறது.

அமெரிக்காவில் ஏஏஏ என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் இதைச் சோதித்து வெளியிட்டது. மங்கி மஞ்சளான ஹெட்லைட், புதிது தருகிற வெளிச்சத்தில் 22 சதவீதம் வரைக்கும் இறங்கிவிடுகிறது என்று கண்டார்கள். ஐந்தில் நாலு பங்கு காணாமல்போகிறது! மங்கலை நீக்கிச் சரிசெய்தால் 70 சதவீதம் சுமாருக்குத் திரும்ப வருகிறது. புதுசு மாற்றினால் முழுசாகக் கிடைக்கும், ஆனால் இன்றைய கார்களில் ஒரு ஹெட்லைட் விலையே பலருக்கு ஒரு மாதச் செலவு. பெரும்பாலோருக்கு மெருகேற்றுவதே போதும்.

அந்த வேலையைப் பால்பண்ணைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கிட்டே நின்று பார்த்தேன். பெயின்ட் வேலை செய்கிற அண்ணன் முதலில் ஹெட்லைட்டைச் சுற்றி டேப் ஒட்டினார், பெயின்ட்டில் கை படாமல் இருக்க. வாளித் தண்ணீரில் வாட்டர் பேப்பரை ஊறப்போட்டு, ஆயிரம் நம்பரில் ஆரம்பித்தார். கையால், குறுக்குவாக்கில், தண்ணீர் விட்டுக்கொண்டே. கொஞ்ச நேரத்தில் விளக்கிலிருந்து மோர் மாதிரி மஞ்சள் தண்ணீர் வழிந்து பம்பரில் இறங்கியது. "பாருங்க சார், இதுதான் இத்தனை நாள் உங்க வெளிச்சத்தைத் தின்னது" என்றார். வழிகிற தண்ணீர் மஞ்சளிலிருந்து வெள்ளையாக மாறும்வரை விடவில்லை. பிறகு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். ஒவ்வொரு பேப்பருக்கும் திசையை மாற்றினார், முந்தைய பேப்பரின் கோடு போய்விட்டதா என்று தெரிவதற்காக. அந்தக் கட்டத்தில் ஹெட்லைட்டைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும், முழுக்கப் பால் வெள்ளையாக இருக்கும். அப்புறம் ரப்பிங் காம்பவுண்டு போட்டு மெஷினில் பஃப் அடித்ததும் உள்ளே இருக்கிற பல்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

"முடிஞ்சுதா அண்ணே?" என்றேன்.

"இத்தோட விட்டா ஆடி மாசம் திரும்ப இங்கதான் வருவீங்க" என்று சொல்லிவிட்டு மேலே கிளியர் கோட் அடித்தார்.

அதுதான் இந்த வேலையின் உயிர். தேய்க்கும்போது மிச்சமிருந்த பழைய பூச்சும் போய்விடுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பூச்சை மறுபடி கொடுக்காவிட்டால் பிளாஸ்டிக் அம்மணமாக வெயிலில் நிற்கும், முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். மெருகேற்றக் கொடுக்கிறவர்கள் "கடைசியில் யூவி கோட்டிங் உண்டா" என்று கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

டூத்பேஸ்ட் தேய்த்தால் போகும் என்று வீடியோ நிறைய வருகிறது. லேசான மங்கலுக்குக் கொஞ்சம் போகும், பொய்யில்லை. பேஸ்ட்டில் இருக்கிற நுண்ணிய தூள் மேலோட்டமாகத் தேய்த்துவிடுகிறது. பூச்சு எதுவும் தராததால் சீக்கிரமே திரும்ப வந்துவிடும். ஊருக்குப் போகும்முன் அவசரத்துக்குச் செய்யலாம், வைத்தியமாக நம்பக்கூடாது. எண்ணெய் தடவுவது இன்னும் மோசம். அன்றைக்குப் பளபளக்கும், மறுநாள் ஊர்த் தூசியெல்லாம் அதில்தான். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் மூன்றையும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். பாலிகார்பனேட்டில் அவை பட்டால் உள்ளுக்குள் மயிரிழை வெடிப்பு விடும், அதை எந்தப் பேப்பர் போட்டுத் தேய்த்தும் எடுக்க முடியாது.

மங்கலாக இருக்கிறதென்று கூடுதல் வாட் பல்பு போடுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. எச்4 பல்பு 60/55 வாட்டுக்குத்தான் அந்த ஹோல்டரும் ஒயரும் ரிஃப்ளெக்டரும் செய்யப்பட்டிருக்கின்றன. நூறு வாட் போட்டால் ஹோல்டர் உருகும். அழுக்குக் கண்ணாடி வழியாக அதிக வெளிச்சம் போனால் சிதறலும் அதிகமாகத்தானே இருக்கும்? எதிரே வருகிற மொபெட்காரர் பாவம், ரோட்டை விட்டு இறங்கிவிடுவார்.

அடுத்து நான் சொல்லப்போவது சிலருக்கு மனவருத்தம் தரலாம், பக்தியோடுதான் சொல்கிறேன். ஆயுத பூஜைக்கு ஹெட்லைட் நடுவில் சந்தனம் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமம் வைக்கிறோம். கார்த்திகையில் மலைக்குப் போகும்போது விபூதிப் பட்டை. அது காய்ந்து கெட்டியாகி, வெளிச்சம் வெளியே வருகிற இடத்திலேயே மாதக்கணக்கில் நிற்கிறது. விபூதியை வறட்டுத் துணியால் துடைத்தால் அந்தத் தூளே கீறும். பொட்டை பானட்டிலோ நம்பர் பிளேட்டுக்கு மேலேயோ வையுங்கள். வண்டியைப் பெருமாளுக்கு முன்னால் நிறுத்துகிற மரியாதையில் ஒரு குறையும் வராது. மாலை கட்டுகிற வேன்காரர்களும் அப்படித்தான். சாமந்தி மாலையை இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவே கட்டினால் போதும். சபரிமலை வேன்கள் சிலவற்றில் மாலை தொங்கி ஒரு விளக்கையே மூடியிருக்கும். எதிரே வருகிறவர் அதை பைக் என்று நினைத்து ஒதுங்காமல் வருவார். நினைத்தாலே பதறுகிறது.

தைப்பூசம் நெருங்கினால் திண்டுக்கல் ரோட்டில் மணப்பாறை வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற கூட்டம். பகல் வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அதிகமாக நடப்பார்கள். பையிலும் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், நல்ல காரியம். ஆனால் அந்த ஸ்டிக்கர் தானாக எரிகிற பொருளில்லை. நம் ஹெட்லைட்டிலிருந்து வருகிற வெளிச்சத்தைத்தான் நம் கண்ணுக்கே திருப்பி அனுப்புகிறது. விளக்கு மங்கி நம்மிடமிருந்து ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் போகிறதென்றால் அதில் ஒரு பகுதிதான் திரும்பி வரும்.

வைகுண்ட ஏகாதசிக்கு வெளியூரிலிருந்து குடும்பத்தோடு காரில் வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பரமபத வாசல் திறப்பு விடியும் முன்னே என்பதால் ராத்திரி முழுக்க ஓட்டி வருவீர்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டி என்றால் காரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். எவ்வளவு சுத்தமான விளக்காக இருந்தாலும் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை நம்பர் போட்ட ஒரு சின்னத் திருகு நிறையக் கார்களில் இருக்கும். ஆள் ஏற ஏற அதை மேல் நம்பருக்குத் திருப்பினால் வெளிச்சம் கீழே இறங்கும். எந்தச் சுமைக்கு எந்த நம்பர் என்பது வண்டியோடு தந்த புத்தகத்திலேயே இருக்கிறது. சமயபுரம் வழியாக வருகிறவர்களென்றால் அதைத் தாண்டுவதற்குள் எங்காவது டீக்கு நிறுத்துவீர்கள் இல்லையா, அப்போது ஒரு பாட்டில் தண்ணீரை இரண்டு ஹெட்லைட்டிலும் முன்கண்ணாடியிலும் ஊற்றித் துடைத்துவிடுங்கள். நம்பர் ஒன் டோல்கேட் வந்ததும் டிம்முக்கு மாறிவிடுங்கள். கொள்ளிடம் பாலத்தில் பனி இருந்தால் பிரைட் போட்டும் பிரயோஜனமில்லை, அந்த வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். பாலம் இறங்கித் திருவானைக்காவல் பக்கம் திரும்பியதிலிருந்து முப்பதுக்குமேல் போகாதீர்கள். அங்கேயிருந்து கோயில் வரைக்கும் ரோட்டோரம் முழுக்க நடந்துபோகிற ஜனங்கள்தான்.